கோதேனின் நிலப்படம் இணையத்தில்: படத்துக்கு 5/5, பதிவேட்டுக்கு 3/5

1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த கையோடு நிதியமைச்சரான மார்த்தேன் மிஷேல் ஷார்ல் கோதேன் 1814 வரை நாற்காலியை விடவில்லை. நெப்போலியன் திரும்பி வந்து ஆண்ட 1815-இன் நூறு நாள்களிலும் அவரேதான். அவர் காலத்தில், 1803-இல் வந்த 5 கிராம் வெள்ளி ஃபிராங்க் நாணயம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கும் புழங்குவது 1807 செப்டம்பர் 15 சட்டப்படி நிலவரிக்காக அவர் தொடங்கிய நில அளவை. பிரெஞ்சு மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பல அந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கின்றன.

படங்கள் அருமை. முதலில், 1802-இல், சில ஊர்களை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பயிர்வாரியாக மொத்தமாக அளந்தார்கள். யாருக்கு எவ்வளவு நிலம் என்பது அதில் தெரியாததால் வரிச் சண்டை ஓயவில்லை. பிறகுதான் துண்டு துண்டாக எண் போட்டு அளந்தது. வேலை முடியச் சுமார் 1850 ஆனது. கோதேனே 1841-இல் காலமாகிவிட்டார்.

தேடும்போது முதலில் ஊர் முழுவதையும் காட்டும் தொகுப்புப் படத்தில், தேடும் நிலம் இருக்கும் பிரிவின் எழுத்தை (A, B போல) பிடியுங்கள். அடுத்து அந்தப் பிரிவின் தாள். அதில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. பிரிவுப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர், நில வகை, பரப்பு, தரம் எல்லாம் வரும். ஒவ்வொரு பிரிவிலும் எண் 1-இலிருந்து தொடங்குவதால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்தால் வேறொருவர் தோட்டத்தில் போய் நிற்பீர்கள். தாளின் அளவுகோலையும் பாருங்கள்: 1:2500 என்றால் 1 செ.மீ. 25 மீட்டர், வீடுகள் நெருங்கிய இடத்தில் 1:1250, அதாவது 12.5 மீட்டர்.

குறை பதிவேடுகளில். வரைந்த நாளோடு படம் நின்றுவிட்டது. விற்றது, பிரித்தது எல்லாம் உரிமையாளர்வாரிப் பேரேட்டில்தான் ஏறின. சில காப்பகங்கள் படத்தை மட்டும் ஏற்றிவிட்டு, பேரேட்டுக்கு வாசிப்பறைக்கு வரச் சொல்கின்றன. அங்கே கேட்க வேண்டிய ஆவண வரிசையின் குறியீடு 3P. 1930 சட்டத்துக்குப் பின் மறு அளவை நடந்த ஊர்களில் இன்றைய எண்ணைக் கொண்டு தேடவே தேடாதீர்கள். இது வரிக்காகப் போட்ட கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல.

பேரேட்டின் எந்தப் பக்க எண்ணிலிருந்து நிலம் வந்தது, எந்தப் பக்க எண்ணுக்குப் போனது என்று அதில் இருக்கும். அதன் அருகே எழுதியிருப்பது, மாற்றம் வரிக்கணக்கில் ஏறிய ஆண்டு. விற்பனை பெரும்பாலும் ஓரிரு ஆண்டு முந்தியது. புது வீட்டுக்குக் கட்டி முடித்த மூன்றாம் ஆண்டிலிருந்துதான் வரி என்பதால், அதன் பத்திரத்தைத் தேடுபவர் இன்னும் பின்னே போக வேண்டும்.