நாலரைக்கு வாறன் எண்ட வான்

நுவரெலியா போய்வந்து மூண்டு நாளாச்சு, இன்னும் மனம் ஆறேல்ல. யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டது, தங்கினது, சாப்பாடு எல்லாம் ஒரு குறையும் இல்ல, அதை விடுங்கோ. ஹோட்டன் சமவெளிக்குப் போன விடியக்காலமை தான் கதை.

ரொறன்ரோவில இருந்து பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வந்ததே ஒரு குருவிக்காகத்தான், சிலோன் விசிலிங் த்ரஷ். உலகத்திலயே எங்கட மலைநாட்டில மட்டும்தான் இருக்கு, அதுவும் அழிஞ்சுகொண்டு வருது. பட்டிப்பொல பக்கத்தால உள்ள போனா, ஃபார் இன் எண்ட பார்வையாளர் நிலையத்துக்கு வரமுதல் ரோட்டோரத்தில சின்னக் குளம் ஒண்டு, அரெங்கா பூல் எண்டுறது, அந்தக் குருவியின்ர பழைய பேர்தான் அது. வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கேக்க கூரா ஒரு சத்தம் போட்டு வெளிய வரும், பிறகு பொழுதுபடத்தான். இடையில காணுறது பெரிய கஷ்டம்.

6 மணிக்கு கேற் திறப்பினம் எண்டு வான்காரத் தம்பிக்கு முதல்நாள் ரெண்டுதரம் சொன்னனான். "ஓம் அண்ணை, நாலரைக்கு நிப்பன்." நாலரைக்கு நான் வாசல்ல நிக்கிறன், மூச்சு புகையாப் போகுது, கைவிரல் விறைக்குது, போன் அடிக்குது எடுக்கிறார் இல்ல. வந்து சேர 6.20. "குளிருக்கு ஸ்டார்ட் வரேல்ல அண்ணை." தலை ஈரம், முகத்தில பவுடர் புதுசா இருக்கு. நான் ஒண்டும் கதைக்கேல்ல.

கேற்றில வாகன வரிசை, பொலித்தீன் செக்கிங் (அது நல்ல விஷயம், போத்தல் லேபலையும் கழட்டிப்போட்டுத்தான் விடினம்), பாஸ்போட்டைப் பாத்து வெளிநாட்டு ரிக்கெற், எல்லாம் முடிஞ்சு குளத்தடிக்குப் போக 8 மணி தாண்டிட்டுது. நல்ல வெயில், நாலு வான், பிள்ளையளின்ர சத்தம். முக்கால் மணித்தியாலம் நிண்டன். மஞ்சள் காது புல்புல் கைக்கெட்டுற தூரத்தில வந்து பழம் கொத்தினது, பாசி பிடிச்ச கொப்பில நீல ஈபிடிப்பான் ஒண்டு, ரெண்டும் வடிவெண்டா வடிவு. ஆனா நான் வந்தது அதுகளுக்கில்லையே.

மே மாசத்தில கனடாவில பாயிண்ட் பெலி எண்ட பூங்காவுக்கு குருவி பாக்க நாங்கள் கூட்டமாப் போறனாங்கள், அஞ்சரை எண்டா அஞ்சரைக்கு எல்லாரும் காருக்குள்ள. அது கனடாப் பழக்கம் எண்டு ஆரும் சொல்லவேண்டாம். எங்கட அப்பா விடிய 3 மணிக்கு வெங்காயம் ஏத்திக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனவர், அலாம் இல்ல, ஒருநாளும் பிந்தினதும் இல்ல. இந்த மண்ணிலதான் நானும் நேரம் பழகினனான், அதுதான் இவ்வளவு கோவம் வருது.

வாற வருஷம் பட்டிப்பொல பக்கமே தங்கிறது எண்டு முடிவெடுத்திட்டன்.

நேற்றுப் பின்னேரம் அம்மாவோட முத்தத்தில இருக்கிறன், மாமரத்துச் சருகுக்குள்ள சரசரப்பு. பச்சை முதுகு, வாலுக்குக் கீழ குங்குமச் சிவப்பு, மொட்டை வாலை ஆட்டி ஆட்டிச் சருகைப் புரட்டுது. சின்னனில பாத்தது, நாப்பது வருஷம் இருக்கும். தலையை நிமித்தி ரெண்டுதரம் கூப்பிட்டுது. அம்மா திரும்பிக்கூடப் பாக்கேல்ல.

"ஆறுமணிக்குருவி வந்திட்டுது. எழும்பி விளக்கைக் கொளுத்து தம்பி."