கோத்தகிரி மனுக்கடை: எதிர்த்தரப்புக்கும் இதே கம்ப்யூட்டர்தான்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஓரமாக, மனு தட்டித் தருகிற ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் பெயர் மழையில் போய்விட்டது. மனுக்கடை என்று கேட்டால் காட்டுவார்கள்.

எங்கள் ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், இந்த முறை இரண்டு கோரிக்கை. இளைஞர்களுக்குச் சமுதாயக் கூடம் வேண்டும். எங்கள் மகளிர் குழுவுக்கு, சோலைக்குக் கீழே இருக்கிற ஊற்றுத் தொட்டியையும் குழாயையும் சரிசெய்ய வேண்டும். பணம் வந்தால் ஒன்றுக்குத்தான் வரும். ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததால் தலைவருக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர்தான். முன்பென்றால் தலைவர் வீட்டுத் திண்ணையிலேயே பேசி முடித்திருப்போம். ஊரையே பார்க்காதவருக்குக் காகிதம்தான் ஊர்.

கையால் எழுதிய நாலு பக்கத்தைக் கொடுத்தேன். பாதிக்கு மேல் கூடம் எதற்கு வீண் செலவு என்பதுதான். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுசாகப் படித்தார். "அக்கா, கூடம் வேண்டாம்னு எழுதினா ஊருக்குள்ள சண்டைன்னு ஃபைலை ஓரமா வச்சிடுவாங்க. தண்ணி முதல்ல, கூடம் அடுத்ததுன்னு எழுதுங்க" என்றார்.

அப்புறம் கேள்விகள். தொட்டி யார் நிலத்தில் இருக்கிறது, சர்வே எண் என்ன, வனத்துறை எல்லைக்குள் வருமா, எத்தனை வீட்டுக்குத் தண்ணீர், கரண்ட் பில் யார் கட்டுவது? ஊற்று மேலே, வீடுகள் கீழே, மோட்டாரே வேண்டாம் என்றேன். "இதைத்தானே முதல் வரியா எழுதணும்!" என்று அங்கேயே தட்டினார். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று கட்ட வேண்டும். அதைக் குழுச் சேமிப்பிலிருந்து தருவோம் என்பது இரண்டாவது வரி. பச்சைப்பசேல் என்று எடுத்த படத்தை ஒதுக்கிவிட்டு, மார்ச் மாதம் குடங்கள் வரிசையில் நிற்கிற படத்தைக் கேட்டு வாங்கினார். நாலு பக்கம் ஒன்றானது.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கூடத்துக்குப் பார்த்திருக்கிற இடம் சரிவு. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மலையில் எத்தனை பேர் போனார்கள்! அதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்க வேண்டும். "அவங்களே பார்த்துக்குவாங்க" என்று அந்த வரியைக் கடைக்காரர் அடித்துவிட்டார்.

குறைகளும் உண்டு. திரை வாசலைப் பார்த்து இருக்கிறது. எங்கள் மனு ஏறும்போது பக்கத்திலேயே கூடத்து மனுவும் திறந்திருந்தது. கேட்டால், "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானேக்கா" என்கிறார். எரிச்சலாக இருந்தாலும் சொல்கிறேன், அவர்கள் மனுவும் நன்றாகவே இருந்தது. இன்னொன்று, பழைய வானவில் எழுத்துருவிலேயே தட்டுகிறார். அரசாங்கம் 2010இலேயே ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) வந்தாயிற்று. மின்னஞ்சலில் அனுப்பிய மனு அலுவலகத்தில் கோழிக்கிறுக்கலாகத் திறந்தது. பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

அக்டோபர் கிராம சபையில் அந்த ஒரு பக்கத்தை வாசித்தேன். தண்ணீர் முதலில், கூடம் அடுத்து என்றே தீர்மானம் ஆனது. கூடத்துப் பையன்களும் கையெழுத்துப் போட்டார்கள். மதிப்பீடு போட இன்னும் யாரும் வரவில்லை. சரி, அதற்குக் கடைக்காரர் என்ன செய்வார்?

பக்கத்துக்கு 40 ரூபாய், கலர் படம் 20. நகல் இரண்டு எடுத்து, ஒன்றில் ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கள் காலை மட்டும் வேண்டாம். குறைதீர் நாளுக்கு ஊட்டி பஸ் பிடிக்கிற கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும்.