கிராமத்துப் பள்ளிக்கு ‘நிர்வாக மேம்பாட்டு’ப் பயிற்சி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் சொந்த ஊர் அரசுப் பள்ளிக்கு உதவ நினைத்தால் ஸ்மார்ட் போர்டு, பெஞ்சு, பெயின்ட் என்றுதான் யோசிப்பார்கள். இப்போது எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் சில அமைப்புகள் தலைமைப் பண்பு, பள்ளி நிர்வாகம், மாணவர் நலன் மூன்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகின்றன. இந்த மதிப்புரை, கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நடந்த அப்படியொரு பயிற்சியைப் பற்றியது. தலைமையாசிரியருக்கு இரண்டு நாள், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அரை நாள், மாணவர்களுக்கு ஒரு நாள், கூடவே ஒரு கையேடு. தேவையான பயிற்சிதான். ஆனால் இப்போதுள்ள வடிவில் முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

தலைமையாசிரியருக்கான பகுதி நன்றாக இருக்கிறது. ஒரு வாரத்து வேலையை அரை மணி நேரக் கட்டங்களாக எழுதச் சொல்கிறார்கள். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் விவரங்கள், விடுப்பு எடுத்தவர் வகுப்பு என்று எழுதி முடித்தால் வகுப்பறைக்குள் போய்ப் பார்க்க எத்தனை கட்டம் மிச்சம் என்பது கண்ணில் படுகிறது. எதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அங்கேயே முடிவு செய்ய வைக்கிறார்கள். குறை ஒன்றுதான்: தலைமையாசிரியரை மட்டுமே அழைக்கிறார்கள். அடுத்த கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் கிடைத்தால் கற்றதெல்லாம் அவரோடு போய்விடும். பொறுப்புத் தலைமையாசிரியராக உட்காரப் போகும் மூத்த பட்டதாரி ஆசிரியரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மேலாண்மைக் குழுப் பயிற்சிதான் பலவீனம். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21-ன்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பதை அழகாக விளக்குகிறார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பேச்சு மொழி தெலுங்கும் கன்னடமும். ஸ்லைடு முழுக்கச் செந்தமிழ் என்றால் அம்மாக்கள் வாய் திறக்க மாட்டார்கள். ரோஜாத் தோட்டக் கூலிக்குப் போகிறவர்களை வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் கையெழுத்து மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொன்று, தீர்மானப் பதிவேடு. ‘கழிப்பறையைச் சரிசெய்வது எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிய வரி மாதக்கணக்கில் அப்படியே திரும்பத் திரும்ப வரும். ‘பெண்கள் கழிப்பறை, இரண்டாவது கதவு, தாழ்ப்பாள், பொறுப்பு இன்னார், அடுத்த கூட்டத்துக்கு முன்’ என்று எழுதினால்தான் வேலை நடக்கும். ஒவ்வொரு கூட்டமும் முந்தைய தீர்மானங்களைப் படித்து ‘முடிந்தது, முடியவில்லை’ என்று குறித்த பிறகே தொடங்க வேண்டும். கையேட்டில் தொலைநோக்கு அறிக்கைக்கு நான்கு பக்கம் இருக்கிறது, பதிவேடு எழுதும் முறைக்கு ஒரு வரிகூட இல்லை. பணக் கணக்கும் அப்படித்தான். மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதிப்படி 101 முதல் 250 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய், அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. அந்த 5,000 எதற்குச் செலவானது என்று கேட்கத் தெரிந்த ஒரு பெற்றோர் இருந்தாலே தாழ்ப்பாள் வந்துவிடும்.

மாணவர் நலன் பகுதியில் கவலைப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரு கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து ‘மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு யார்? ‘சொன்னதை ரகசியமாக வையுங்கள்’ என்று ஆசிரியர்களிடம் பொதுவாகச் சொன்னதும் ஆபத்து. பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. ஊழியர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை. பயிற்சியாளர்களுக்கே இது தெரியாவிட்டால் அவர்களைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 மூன்றையும் வகுப்பறைச் சுவரில் எழுத வைக்கச் சொல்லுங்கள். புகார்ப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் யாரும் போட மாட்டார்கள்.

உடல்நலத்தை இவர்கள் தொடவே இல்லை. முதலமைச்சரின் காலை உணவு 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலையிலேயே வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் குமட்டும், அடுத்த வாரம் ஜன்னல் வழியே வீசிவிடும். அதே நீல மாத்திரையை மதியச் சத்துணவுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னாலேயே விழுங்க வைத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

வாங்குவதாக இருந்தால் தலைமையாசிரியர் பகுதியை மட்டும் தனியாக விலை கேளுங்கள். மொத்தமாகத்தான் தருவோம் என்றால் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். பாதி பயிற்சிக்கு முன், கால் பங்கு ஞாயிறு சாயங்காலம் ஊரிலேயே தெலுங்கோ கன்னடமோ பேசுபவரை வைத்துக் குழுப் பயிற்சியைத் திரும்ப நடத்திய பின். மீதிக் கால் பங்கு, அடுத்த மூன்று குழுக் கூட்டங்களின் பதிவேட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு.