கிராங்கை அளந்த பிறகு பேசலாம்: கெட்ட இன்ஜினைக் கட்டுவதா, வேறு இன்ஜின் மாட்டுவதா?

பழைய வண்டியில் இன்ஜின் அடியோடு கெட்டுவிட்டால் பேச்சில் அடிபடும் வழிகள் மூன்று. சேம்பரை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கிப் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோகத் தகடு) மட்டும் மாற்றி ஓட்டுவது. இன்ஜினை வெளியே எடுத்து முழுக்கப் பிரித்துக் கட்டுவது. வேறொரு வண்டியில் கழற்றிய பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவது. பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) பிழைக்கும் நிலையில் இருந்தால் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். முதல் வழி பெரும்பாலும் பேரிங் காசுக்குக் கேடு. மூன்றாவது சில இடங்களில் சரி. எந்த இடங்களில் என்று கீழே வருகிறது.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். இன்ஜின் சுற்றவே மறுத்தால், ஜாம் என்று தீர்ப்புச் சொல்லும் முன் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். இறுகிப்போன ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரஸரோகூட இன்ஜினைப் பிடித்து நிறுத்திவிடும். அடுத்து பிளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கையால் சுற்ற வேண்டும், ஸ்டார்ட்டரால் அல்ல. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலேற முடியாது. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும். நாள்பட நின்று துருவால் பிடித்த இன்ஜின் என்றால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பிளக் துளை வழியாக ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கம்பி போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினால் பல நேரம் விட்டுக்கொடுக்கும். ஒரே பக்கம் முட்டித் தள்ளினால் உடைவது பிஸ்டன் ரிங். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, பெயின்ட்டையும் அரிக்கும்.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. எல்லாப் பிளக்கும் வெளியே, திராட்டில் முழுத் திறப்பு, பேட்டரி நிறைந்த சார்ஜ், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு ஸ்ட்ரோக். பெட்ரோல் இன்ஜினில் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரை பொதுவாகக் கிடைக்கும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கோளாறு. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாக இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். டீசலில் இந்த ஆயில் வித்தை வேண்டாம். எரிப்பறை சின்னது, அளவீடு பொய்யாக ஏறும்.

இதெல்லாம் மேல்பாகக் கதை. ஹெட்டைத் தேய்த்துச் சமன் செய்யலாம், வால்வை மாற்றலாம், சிலிண்டரை 0.50 மி.மீ. போர் அடித்து (குடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பெரும்பாலும் தீரும் கோளாறுகளே. இன்ஜினின் தலையெழுத்து கீழே இருக்கிறது.

கீழ்பாகம் போயிருக்கிறதா என்று பார்க்க இரண்டு இடம் போதும். சத்தம் ஒன்று: ராடு தட்டும் சத்தம் கேட்கும்போது ஒவ்வொரு சிலிண்டராகத் தீப்பொறியை நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அந்த ராடுதான். குளிரில் தட்டி, சூடானதும் மறைந்தால் அது பிஸ்டன் ஆட்டம், அவசரமில்லை. இன்னொன்று ஆயில் ஃபில்டர். ரம்பம் போடாமல் வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள் (ரம்பத் தூளே உள்ளே விழுந்தால் எது எதன் தூள் என்று தெரியாது). காந்தத்தில் ஒட்டாத வெள்ளைத் தூள் பிஸ்டன் அலுமினியமாகவோ பேரிங் மேல்பூச்சாகவோ இருக்கலாம். ஒட்டினால் கிராங்க், கேம், பம்ப் போன்ற இரும்புப் பாகம். செம்பு நிறம் மின்னினால், செம்பு அடுக்குள்ள பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு தெரிகிறது.

செம்பு மின்னிய இன்ஜினுக்குப் பலர் செய்வது முதல் வழி. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சேம்பரைக் கழற்றி, புது பேரிங் செட் போட்டு, ஆயில் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். முதல் வாரம் சத்தமில்லை, பிறகு பழைய சத்தம் திரும்பும். கிராங்க் பின் (கிராங்கில் ராடு மாட்டும் இடம்) முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. வட்டமான பேரிங்கை அதில் போட்டால் ஒரு பக்கம் உரசும், மறு பக்கம் ஆயில் ஒழுகி அழுத்தம் இறங்கும்.

அதனால்தான் கிராங்க் அளவு தெரியாமல் எந்த வழியையும் எடை போட முடியாது. ஒவ்வொரு ஜர்னலிலும் (கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) இரண்டு இடத்தில், ஒவ்வோரிடத்திலும் 90 டிகிரி திருப்பி இரண்டு முறை மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ராடு மாட்டும் நான்கு பின், பிளாக் தாங்கும் ஐந்து மெயின்: மொத்தம் 36 அளவு, அனைத்தும் தாளில். வட்டம் கெட்டது 0.01 மி.மீ. என்றால் யோசனை, 0.02 தாண்டினால் கிரைண்டிங்; அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் புத்தகம் சொல்வதே சரி. நகத்தை ஓட்டினால் தடுக்கும் கீறல் இருந்தால் அளக்காமலே கிரைண்டிங்தான். இரு முனை மெயினையும் வி-பிளாக்கில் வைத்து நடு மெயினில் டயல் கேஜ் வைத்தால் வளைவு தெரியும்.

அடுத்து, எவ்வளவு மீதி இருக்கிறது? அண்டர்சைஸ் பேரிங் (தேய்த்து மெலிந்த ஜர்னலுக்கான தடித்த பேரிங்) வழக்கமாக 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று படிப்படியாக வரும். சில இன்ஜின்களுக்கு 0.25க்கு மேல் கிடையவே கிடையாது. ஒரு பின் கெட்டிருந்தாலும் பேரிங் செட்டாகத்தான் வரும் என்பதால் எல்லாப் பின்னையும் ஒரே அளவுக்கு இறக்குவதே வழக்கம். ஆகவே பேரிங் கையில் வந்து சேராமல் கிராங்கைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். 0.50க்குத் தேய்த்த பிறகு அந்த அளவில் பேரிங் இல்லை என்று தெரிந்தால் கையில் இருப்பது பழைய இரும்பு.

தேய்ப்பதிலும் வேலைத்தரம் உண்டு. ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவை விட்டுவிட்டுச் சதுர மூலையாக்கினால் அங்கேதான் பிற்பாடு கிராங்க் விரிசல் விடும். நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கெட்டியாக்குவது) செய்த கிராங்க் என்றால் கெட்டியான மேல்தோல் மெல்லியது. தேய்த்த பின் மறுபடி நைட்ரைடிங் தேவைப்படலாம். பேரிங் சுழன்று ஜர்னல் நீலம் பாய்ந்திருந்தால் காந்தத் தூள் சோதனையில் விரிசல் பார்த்த பிறகே மேற்கொண்டு செலவு. அந்த ராடின் பெரிய கண்ணும் (கிராங்கில் மாட்டும் துளை) கோணியிருக்கும். பழைய வகை ராடில் கேப்பின் (கண்ணின் கழற்றும் பாதி) முகத்தைத் தேய்த்து மறுபடி போர் அடிக்கலாம். உடைத்துப் பிரித்த வகை ராடில் அது நடக்காது, ராடையே மாற்ற வேண்டும்.

கட்டும்போது பேரிங் இடைவெளிக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05. ரிங் வாய்க்கு (ரிங்கின் இரு நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி) போர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, 80 மி.மீ. போருக்கு 0.32.

கட்டிய இன்ஜின் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சுத்தம் செய்யாதது. பிளாக்கின் ஆயில் வழிகளில் உள்ள அடைப்புத் திருகுகளை எடுத்துவிட்டு நீளப் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும், கிராங்கின் துளைகளையும் அப்படியே. ஆயில் கூலருக்குள் போன தூளை முழுசாக எடுப்பது மிகக் கடினம், மாற்றிவிடுவதே நல்லது. பம்பின் பிரஷர் வால்வில் ஒரு துணுக்கு சிக்கினால் போதும், அழுத்தம் ஏறாது.

இப்போது பழைய இன்ஜின். இரண்டு மூன்று நாளில் வண்டி ஓடும் என்பதுதான் அதன் பெரிய பலம். பலவீனம், மேலே சொன்ன 36 அளவில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரியாது. ஒரு மெயின் கேப்பையும் ஒரு ராடு கேப்பையும் கழற்றிக் காட்ட விற்பவர் சம்மதித்தால் வாங்கலாம். வால்வு கவருக்குள் கறுப்புக் கசடு கெட்டியாகப் படிந்திருந்தால் திரும்பி நடங்கள். மாட்டும் முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் பின் ஆயில் சீல், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். இந்தச் செலவை விலையோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். இன்ஜின் எண் மாறுவதால் பதிவுப் புத்தக வேலையும் வரலாம்.

ஆனாலும் ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வந்துவிட்டால், கிராங்கில் கடைசி அண்டர்சைஸும் தீர்ந்துவிட்டால், அல்லது அந்த இன்ஜினுக்குப் பேரிங்கே கிடைக்கவில்லை என்றால், பழைய இன்ஜினைத் தேடுவதே மிச்சம். துளைத்த பிளாக்கை ஒட்டுத் தையல் போட்டுக் காப்பாற்றுவதும் உண்டு. மெயின் தாங்கும் சுவர் வரை விரிசல் போயிருந்தால் நான் அதை நம்பமாட்டேன்.

எதை மாட்டினாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி வைத்து ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பத்துப் பத்து வினாடியாக, நடுவில் மோட்டார் ஆற இடைவெளி விட்டு. விளக்கு அணையாவிட்டால் பிளக்கைத் திருப்பிப் போடாதீர்கள்.