புது நாயின் உள்ளங்கால் தேய்ந்தால்: ஷூவா, மெழுகா, மண் பாதையா?

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து வந்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். முதல் நாள் ஆசை தீர ஓடி விளையாடிய நாய், மறுநாள் காலையில் எழுந்திருக்கவே தயங்குகிறது. எழுந்தாலும் சிமெண்ட் தரையில் பார்த்துப் பார்த்துக் காலை வைக்கிறது, பிறகு ஓரமாகப் படுத்துக்கொண்டு முன்னங்கால்களை விடாமல் நக்குகிறது. பெருந்துறைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்த செவலைக்கும் இப்படித்தான் ஆயிற்று. அதற்குத் தீர்வாகச் சொல்லப்படுபவை மூன்று: நாய்களுக்கென்று விற்கும் ஷூ, பாதத்தில் தடவும் மெழுகுக் களிம்பு, நடக்கும் தரையையும் நேரத்தையும் மாற்றுவது. மூன்றையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்த பிறகு நான் மண் பாதையின் பக்கம் சாய்ந்துவிட்டேன். மற்ற இரண்டும் வீண் என்று சொல்லவில்லை, அவற்றுக்கும் உரிய இடம் உண்டு.

நாயின் உள்ளங்கால் மெத்தைகள் தடித்த தோலும் அதனடியில் கொழுப்புத் திசுவுமாக அமைந்தவை. உடலெடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குவதாலும், ஓட்டத்தில் சடக்கென்று நின்று திரும்பும்போது உராய்வு முழுவதும் அங்கேயே விழுவதாலும், தேய்மானம் பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் முதலில் தெரியும். செவலையின் காலைத் திருப்பிப் பார்த்தபோது நடுவிலுள்ள பெரிய மெத்தையின் பின்விளிம்பில் கறுப்புத் தோல் கிளம்பி ஒரு மடிப்பாகத் தொங்கியது, அதற்கடியில் இளஞ்சிவப்பாக ஈரம் கசிந்தது. மணிக்கட்டின் பின்புறம், நிற்கும்போது தரையைத் தொடாத சின்ன மெத்தையிலும் ஒரு சிராய்ப்பு இருந்தது. வேகமாக ஓடிச் சறுக்கி நிற்கும் நாய்க்குத்தான் அந்த இடத்தில் தேயும். காப்பகத்தின் வழவழப்பான தரையில் மாதக்கணக்கில் இருந்த கால் மென்மையாகிவிடுகிறது. தெருநாய்க்கு ஒன்றும் செய்யாத தார்ச்சாலை, அந்தக் காலை ஒரே மாலையில் உரித்துவிடுகிறது.

தேய்மானம் வேறு, சூட்டுப்புண் வேறு. காற்று 30 டிகிரியாக இருக்கும் வெயில் நாளிலேயே தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். கரூர் பரமத்தி வெப்பப் பட்டியலின் உச்சியில் நிற்கும் சித்திரை, வைகாசியில் நம் பகுதிச் சாலைகளின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. புறங்கையைச் சாலையில் 7 நொடி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியவில்லை என்றால் நாயை இறக்கக் கூடாது. கொப்புளமோ, மெத்தை முழுவதும் நிறம் மாறியோ தெரிந்தால் அது சூட்டுப்புண். அதை மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

எந்தத் தீர்வைத் தேர்ந்தாலும் முதலில் புண் ஆற வேண்டும். சலைன் அல்லது வெதுவெதுப்பான சுத்த நீரால் கழுவி, விரலிடுக்கில் மண் இல்லாமல் ஒற்றியெடுத்து, புண்ணில் ஒட்டாத துணி வைத்து இளக்கமாகக் கட்டி, தினமும் கட்டு மாற்றி, சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுபோனால், மேலோட்டமான சிராய்ப்பு ஒன்றிரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். பொவிடோன் அயோடினை வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு நீர்த்துப் பயன்படுத்தலாம். டெட்டால் வேண்டாம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மனித வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது, இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குதிகால் வெடிப்புக்கும் குழந்தைகளின் தோல் தடிப்புக்கும் விற்கும் களிம்புகளில் சாலிசிலிக் அமிலமோ துத்தநாக ஆக்சைடோ இருக்கக்கூடும். நாய் நக்கி விழுங்கும் என்பதால் அவையும் ஆகாது.

மெழுகைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த களிம்பு, வறண்டு வெடித்த மெத்தைக்கு நல்லது. பனிக்காலத்தில் கால் வெடிக்கும் நாய்களுக்குப் பலன் தெரிகிறது. ஆனால் செவலைக்கு வந்தது வறட்சி அல்ல, உராய்வு. ஏற்கெனவே மென்மையான மெத்தையை மேலும் மிருதுவாக்கிவிட்டு மறுநாள் அதே சாலையில் ஓடவிட்டால், தோல் இன்னும் எளிதாகத்தான் உரியும். காங்கேயத்தில் ஆட்டிய தேங்காயெண்ணெயே போதும் என்று எங்கள் வீட்டிலும் ஒரு கட்சி இருந்தது. தடவிய சில நிமிடங்களில் முழுவதையும் நக்கித் தீர்த்துவிடுகிறது, மிச்சத்தில் மண் ஒட்டிக்கொள்கிறது, டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. தடவுவதானால் இரவில், புண் முற்றிலும் ஆறிய பிறகு, மிகக் கொஞ்சமாகத் தடவலாம்.

ஷூ அப்படி எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறைகள் வண்டியிலோ காலிலோ இருக்க வேண்டும் என்பது கட்டாய விதி. நாயின் காலை நம்பி வாழ்பவர்களே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள் என்றால் அதன் பயனை ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துணியுறைகள் பனிக்கட்டியின் அறுப்பிலிருந்து காப்பதற்காக ஏற்பட்டவை, தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறார்கள். நம் கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவை ரப்பர் அடியும் ஒட்டும் பட்டையும் வைத்தவை. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பெரும்பாலும் உள்ளங்காலில்தான் இருக்கிறது. ரப்பருக்குள் அடைபட்ட கால் நம் வெக்கையில் நனைந்து ஊறி, விரலிடுக்கு சிவந்துவிடுகிறது. உள்ளே ஒரு பொடிக்கல் புகுந்துவிட்டால் காப்பதற்கு மாட்டியதே உரசும். பட்டையைத் தளர்த்தினால் ஓட்டத்தில் கழன்று போகிறது, இறுக்கினால் பக்கவாட்டு நகத்தை அழுத்துகிறது. ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தவும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை உலர்வதே இல்லை.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது வேறொன்று: புதிதாக வந்த நாய் தன் காலைத் தொட விடுவதில்லை.

வளர்ந்த நாயைத் தத்தெடுக்கும்போது அதன் முந்தைய வாழ்க்கை நமக்குத் தெரியாது. யார் அதன் காலைப் பிடித்து இழுத்தார்கள், எந்தக் கட்டு எப்படிப் போடப்பட்டது என்பதை அது சொல்லாது. குட்டியிலிருந்து வளர்த்த நாய் நகம் வெட்டும்போது சும்மா படுத்திருக்கும். புது நாயோ பாதத்தின் மேல் கை பட்டதுமே காலை உள்ளிழுத்துக்கொள்ளும், வலியும் சேர்ந்துவிட்டால் உதட்டைத் தூக்கும், அதற்கு மேலும் பிடித்தால் கடிக்கும். ஷூ என்றால் ஒரு நடைக்கு நான்கு காலை மாட்டவும் நான்கு காலைக் கழற்றவும் வேண்டும். காலை மாலை இரண்டு வேளைக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பதினாறு முறை அதன் காலைப் பிடிக்கிறோம். நம்மை நம்பத் தொடங்கும் அந்த முதல் வாரங்களில், நடைக்குப் போகும் மகிழ்ச்சியான நேரத்தையே ஒரு மல்லுக்கட்டாக மாற்றிவிடுகிறோம். வாசலில் ஷூ டப்பாவை எடுத்தாலே செவலை கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும். மெழுகுக்கும் இதே கதைதான், விரல் விரலாகப் பிடித்துத் தடவ வேண்டும்.

பழக்கினால் பழகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழகும். தோளிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே இறங்கி, பாதத்தை ஒரு நொடி தொட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுத்து, இழுத்துக்கொண்டால் விட்டுவிட்டு மறுநாள் தொடர்ந்தால், சில வாரங்களில் காலைக் கொடுக்கும். அந்தப் பழக்கம் முள் எடுக்கவும் நகம் வெட்டவும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவதால் எல்லோரும் செய்ய வேண்டியதே. ஆனால் கால் தேய்ந்திருப்பது இன்றைக்கு, பழகி முடிவது எப்போதோ. இடைப்பட்ட காலத்தில் தினமும் நடத்திச் செல்ல நாயின் சம்மதம் தேவைப்படாத வழி ஒன்றுதான் இருக்கிறது: காலடியில் இருக்கும் தரையை மாற்றுவது.

எங்கள் பகுதியில் அதற்குக் குறைவில்லை. கீழ்பவானி வாய்க்கால் கரையின் மண் தடம், கிளுவை வேலிக்கு நடுவே போகும் இட்டேரி, ஓலை உதிர்ந்து மெத்தென்றிருக்கும் தென்னந்தோப்பு, உழுது போட்ட செம்மண் காடு, இவற்றில் எதிலும் விடியற்காலையில் தரை குளிர்ந்தே இருக்கும். செவலையின் கட்டை அவிழ்த்த பிறகு முதலில் தோப்புக்குள் பத்து நிமிடம் மட்டும் கயிற்றில் நடத்தினோம், ஓட விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அது படுத்திருக்கும்போது பாதத்தைத் தொடாமலே பார்த்து, சிவப்பில்லை, நக்கவில்லை என்றால் மறுநாள் சற்று நீட்டித்தோம். வாய்க்கால் கரைக்கும், அங்கிருந்து சரளை கலந்த வண்டித்தடத்துக்கும் படிப்படியாகத்தான் போனோம். தோல் உராய்வுக்கு ஏற்ப மெல்ல மெல்லத் தடிக்கும் இயல்புடையது. அளவாகத் தேய்ந்தால் இறுகும், அளவு மீறினால் உரியும். ஷூவுக்குள் இருக்கும் கால் தேயாது என்பது உண்மை, அதனாலேயே அது இறுகுவதும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் முதல் நாளே சொன்னார்: “அம்மிணி, கொஞ்ச நாளைக்கு மண்ணுல நடக்க உடுங்க, காலு தன்னால கெட்டிப்பட்டுக்கும்.” ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்த பிறகு தார்ச்சாலையில் சிறிது தூரம் நடத்தியும் ஒன்றும் ஆகவில்லை.

மண் பாதைக்கும் செலவு உண்டு, அது பணமாக இல்லாமல் கவனமாக இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்தால் நெருஞ்சி படர்ந்துவிடும். அதன் முள் விரலிடுக்கில் ஏறினால் நாய் மூன்று காலில் நின்றுவிடும். வேலி கழித்த நாட்களில் இட்டேரியில் கிளுவை முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் சிதறிக் கிடக்கும். உண்ணி ஏறும், அதற்கு மருத்துவர் சொல்லும் மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். மருந்தடித்த காட்டுக்குள் நடத்தக் கூடாது, வந்து காலை நக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அது நேரே வயிற்றுக்குள் போகும். இருட்டிய பிறகு பாம்பு நடமாட்டம் இருக்கும் என்பதால் மாலை நடையை வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் கயிற்றைக் கையிலிருந்து விடவே கூடாது. மயிலைப் பார்த்துப் பாய்ந்த நாய் உள்ளே விழுந்தால், நீரின் இழுப்பில் சரிந்த கரையைப் பிடித்து ஏறுவது அதற்குக் கடினம்.

கோவையிலோ திருப்பூரிலோ அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு என் பரிந்துரை இவ்வளவு உறுதியாக இருக்காது. ரேஸ் கோர்ஸ் நடைபாதையும், புதுப்பித்த குளக்கரைகளும் மனிதர்கள் நடக்கத் தளம் போட்டவை. ஓரத்துப் புல்லையும் விளையாட்டுத் திடலின் மண்ணையும் தேடிப் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் விடியும் முன்னே நடத்தலாம், அதுவும் முடியாதவர்களுக்கு ஷூவின் பயன் கூடுகிறது. லேப்ரடார் போன்ற கனத்த நாய்களையோ வயதான நாய்களையோ நான் வளர்த்ததில்லை. எடை கூடினால் மெத்தை இறுக இன்னும் நாளாகலாம் என்று எண்ணுகிறேன், அனுபவத்தில் சொல்லவில்லை. கட்டு போட்டிருக்கும் நாட்களில் ஷூ எங்களுக்கும் உதவியது. ஈரத் தரையில் கட்டு நனையாமல் வாசல் வரை போய்வர, திருப்பூர் பனியன் துணியில் தைத்த உறையின் மேல் அதை மாட்டினோம், உள்ளே வந்ததும் கழற்றிவிட்டோம்.

எல்லாப் பாத வலியும் நடையால் வருவதல்ல என்பதையும் தத்தெடுத்தவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஒரே ஒரு காலில் விரலிடுக்கு வீங்கியிருந்தால் முள்ளோ சீழ்க்கட்டியோ இருக்கலாம். நடக்காத நாட்களிலும் நான்கு பாதமும் சிவந்து அரித்தால் ஒவ்வாமையோ பூஞ்சையோ கொக்கிப்புழுவோ காரணமாகலாம். மெத்தைகளும் மூக்கும் சேர்ந்து கெட்டியாகித் தடித்து, கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகினால் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயை ஐயப்பட வேண்டும். தடுப்பூசி விவரம் தெரியாத நாய்க்கு அந்த ஐயம் இன்னும் வலுக்கும். இத்தகைய அறிகுறிகளுக்கு ஷூவும் மண் பாதையும் விடையாகாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்ட வேண்டும்.

ஷூ வாங்குவதென்று முடிவு செய்பவர்கள் நான்கையும் ஒரே அளவில் வாங்க வேண்டாம், முன்பாதம் பின்பாதத்தைவிட அகலமானது. நாயை நிற்க வைத்து, எதிர்க் காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, முழு எடையும் இறங்கிய பாதத்தின் அகலத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அதற்கேற்ப எடுக்க வேண்டும். பாதத்தைத் தொட விடாத நாயாக இருந்தால், அது ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நடந்த தடத்தை அளந்துகொள்ளலாம்.