ஸ்வெல்ட் 5: ரியாக்டில் பழகிய ஒருவரின் மதிப்பீடு

இணையச் செயலிகளின் திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்துவரும் நான், அதே வேலைக்கு உதவும் ஃபிரேம்வொர்க்கான ஸ்வெல்ட் 5-இல் ஒரு முழுத் திரையைக் கட்டி முடித்த பிறகே இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது ஒரு கொள்முதல் பட்டியல். ஒவ்வொரு வரிசையிலும் பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, வரி விகிதம் ஆகியவை இருக்கும். எதைத் திருத்தினாலும் அந்த வரிசையின் தொகையும் அடியில் உள்ள மொத்தமும் உடனே மாற வேண்டும். எளிய வேலைதான் என்றாலும், ஒரு ஃபிரேம்வொர்க்கின் குணம் இத்தகைய திரையில்தான் தெரியவரும்.

செய்தித்தாள்களுக்கு ஊடாட்ட வரைகலைகளை உருவாக்கிவந்த ரிச் ஹாரிஸ், 2016-இல் ஸ்வெல்டை வெளியிட்டார். பிரௌசர் செய்யும் வேலையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் முன்னதாகவே கம்பைலரிடம் (எழுதிய நிரலைப் பிரௌசர் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவியிடம்) ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ரியாக்ட், மாற்றம் நேரும்போதெல்லாம் காம்பொனன்ட்டை (திரையின் ஒரு பகுதிக்கான நிரலை) மீண்டும் ஓட்டி, திரை அமைப்பின் பழைய மரத்தையும் புதிய மரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் டாமில் (பிரௌசர் வைத்திருக்கும் பக்க அமைப்பில்) எழுதுகிறது. ஸ்வெல்டில் இந்த ஒப்பீடு இல்லை. காம்பொனன்ட்டின் நிரல் தொடக்கத்தில் ஒருமுறை ஓடுகிறது. பிறகு மாறிய மதிப்பை எந்தெந்த இடங்கள் படித்தனவோ அவை மட்டும் புதுப்பிக்கப்படுகின்றன.

2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பின் மையம் ‘ரூன்’ எனப்படும் குறியீடுகள். டாலர் குறியுடன் எழுதப்படும் ‘ஸ்டேட்’ மாறக்கூடிய மதிப்பையும், ‘டிரைவ்ட்’ அதிலிருந்து கணக்கிடப்படுவதையும் குறிக்கின்றன. மொத்தத் தொகையை நான் ஒரே வரியில் ‘டிரைவ்ட்’ என்று எழுதினேன். எண்ணிக்கைக் கட்டத்தில் 5 என்பதை 50 ஆக்கியதும் தொகையும் மொத்தமும் மாறின. ரியாக்டில் யூஸ்எஃபெக்ட் (மாற்றத்துக்குப் பின் ஒரு வேலையைச் செய்வது), யூஸ்மெமோ (கணக்கிட்ட மதிப்பை நினைவில் வைப்பது) ஆகியவற்றுக்கு, எந்த மதிப்புகள் மாறினால் மீண்டும் ஓட வேண்டும் என்ற சார்புப் பட்டியலைக் கையால் எழுதி, அதில் ஒரு பெயர் விடுபட்டதால் பழைய மதிப்பே திரையில் நின்றுவிட, காரணத்தைத் தேடி மாலைப் பொழுதுகளைச் செலவிட்டவர்களுக்கு இந்த ஒற்றை வரியின் அருமை புரியும். ரியாக்டுக்கும் இப்போது தனிக் கம்பைலர் வந்து, மெமோ எழுதும் சுமையைப் பெருமளவு குறைத்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் எஃபெக்ட்டின் சார்புப் பட்டியல் அங்கே இன்னும் இருக்கிறது.

மனத்தில் பதிய வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஸ்வெல்ட் நிரல் பார்வைக்குச் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் போலவே இருப்பதால், ஜாவாஸ்கிரிப்டில் தவறில்லாத ஒரு பழக்கம் இங்கே தவறாகிவிடலாம். ஒரு வரிசையின் தரவைத் தாங்கும் ஆப்ஜெக்ட்டிலிருந்து எண்ணிக்கையையும் விலையையும் காம்பொனன்ட்டின் தொடக்கத்திலேயே தனித்தனி மாறிகளாகப் பிரித்து எடுத்தேன். ரியாக்டில் நாள்தோறும் செய்வதுதான். கட்டத்தில் எண் மாறியது, தொகை அசையவில்லை. திரையில் பிழைச் செய்தியும் இல்லை. பிரித்தெடுத்த கணத்தில் இருந்த மதிப்பு அப்படியே நின்றுவிடுகிறது, ஏனெனில் மாற்றத்தைக் கவனிப்பது மூல ஆப்ஜெக்ட்டைச் சுற்றியிருக்கும் பிராக்ஸி என்ற இடைநிலை உறை. பிரித்தெடுத்த எண்ணுக்கு அந்தத் தொடர்பு கிடையாது. மேப், செட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு வகைகளையும் ‘ஸ்டேட்’ இவ்வாறு கவனிப்பதில்லை. அவற்றுக்கு ஸ்வெல்ட் தரும் தனி வகைகளைப் பயன்படுத்த வேண்டும். பல கோப்புகள் பகிரும் ஸ்டேட்டை வைக்கும் கோப்பின் பெயரிலேயே ‘ஸ்வெல்ட்’ என்ற நீட்சி இருக்க வேண்டும். மறுமதிப்பு பெறும் மாறியை அங்கிருந்து நேரடியாக ஏற்றுமதி செய்யவும் கம்பைலர் விடாது. இவை அனைத்துக்கும் ஆவணத்தில் தெளிவான விளக்கம் உண்டு. ஆகவே அனுபவம் உள்ளவர்கள்தான் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். புதியவர்களைவிட நமக்கே இங்கு வழுக்கும் இடங்கள் அதிகம்.

அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த இயலுவது) குறித்து கம்பைலர் காட்டும் அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. படத்துக்கு மாற்று உரை இல்லையென்றாலும், டிவ் (பக்கத்தின் பொதுவான பெட்டி) ஒன்றில் கிளிக் மட்டும் வைத்து விசைப்பலகையை மறந்தாலும் அப்போதே எச்சரிக்கை வருகிறது. ஒரு காம்பொனன்ட்டின் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) அதற்குள்ளேயே அடங்குவதும், பயன்படாத விதிகளைக் கம்பைலர் சுட்டிக்காட்டுவதும் அன்றாட வேலையை இலகுவாக்குகின்றன.

ஆயத்த காம்பொனன்ட்டுகளின் வளத்தில் ரியாக்டுக்கு ஈடு இல்லை. தேதி தேர்வு, பெரிய அட்டவணை போன்றவற்றை மிகுதியாக நம்பியிருக்கும் குழு இதை முதலில் கணக்கிட வேண்டும். மேலும், ஸ்வெல்ட் பற்றி இணையத்தில் தேடினால் 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பின் எழுத்துமுறையே இன்னும் பல விடைகளில் தென்படுகிறது. விடை எந்தப் பதிப்புக்கு உரியது என்பதைப் பார்க்காமல் எடுத்தாளக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் ரியாக்ட் திரைகளை மாற்றி எழுத நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிதாகத் தொடங்கும், படிவங்களும் கணக்கீடுகளும் நிறைந்த நடுத்தர அளவுச் செயலிக்கு ஸ்வெல்ட் 5-ஐத் தயங்காமல் எடுக்கலாம். என் அடுத்த கிடங்கு இருப்புத் திரையை அதில்தான் தொடங்கியிருக்கிறேன்.