டிசி கைக்கு வந்துவிட்டது, பேர் மட்டும் வரவில்லை: திருப்பூருக்குக் குடிவருபவர்களுக்கு

தீபாவளி லீவு முடிந்து கம்பெனிகள் திறக்கிற வாரத்தில் இந்தக் கேள்வி தப்பாமல் வரும்: “ஏனுங்க, நடுவருசத்துல பிள்ளைங்கள ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?” தேனிப் பக்கமிருந்து அனுப்பர்பாளையத்துக்குக் குடிவரப்போகும் நண்பர் போன வாரம் அதையேதான் கேட்டார். சேர்த்துக்கொள்வார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். சிக்கல் சேர்க்கையில் இல்லை, அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, நூலகம் மூன்றையும் குடிவந்த குடும்பங்கள் வருஷக்கணக்கில் பயன்படுத்துவதைப் பார்த்து எழுதுகிறேன். பாதிக்கு மேல், பள்ளிப் பிள்ளைகளின் கணினிப் பதிவேடான எமிஸ் பற்றியே இருக்கும். எரிச்சல் அங்கேதான் இருக்கிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, டிசி தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. டிசி தரத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவில் இடமுண்டு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்தின் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. 6 முதல் 14 வயது வரை இதெல்லாம் செல்லும். இங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் குழந்தையை அன்றைக்கே வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு முழு மரியாதை.

ஆனால் வகுப்பில் உட்கார்ந்த குழந்தையின் பேர் பழைய ஊரிலேயே நிற்கும்.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எண் உண்டு. பழைய பள்ளி எமிஸுக்குள் போய் டிசி எடுத்தால்தான் பேர் அங்கிருந்து விடுபட்டு ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்கு வரும். புதிய பள்ளி அங்கே தேடி எடுத்து, வகுப்பு, பிரிவு, பயிற்றுமொழி போட்டுத் தன் பட்டியலில் சேர்க்கும். பழைய பள்ளி விடாமல் புதிய பள்ளியால் இழுக்க முடியாது. தலைமையாசிரியர் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்: எண்ணைப் போட்டால் குழந்தையின் பேரும் அப்பா பேரும் சரியாக வரும், பள்ளி என்ற இடத்தில் பழைய ஊர். “பேரு இன்னும் அங்கயே நிக்குதுங்க, அவிங்க விட்டாத்தான் எங்களுக்கு வரும்.” அவர் பக்கம் தப்பே இல்லை.

ஏன் நிற்கிறது? அதிகம் நடப்பது, டிசியைக் கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, கணினி வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. காகிதம் செல்லும், பேர் நகராது. தனியார் பள்ளி என்றால் கட்டணப் பாக்கி. பாக்கியை வசூலிக்க டிசியைக் கருவியாக்கக் கூடாது, பாக்கி இருப்பதை அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. காகிதத்தை நிறுத்தினால் கேள்வி வரும் என்று தெரிந்தவர்கள், காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பேரை மட்டும் பிடித்து வைக்கிறார்கள். இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது. பெற்றோர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூட்டுப் போடுவது இது. மூன்றாவது, எழுத்துப் பிழை. ஆதாரில் ஒரு இனிஷியல், எமிஸில் வேறு, பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் என்றிருந்தால் திருத்தம் கேட்டு மறுபடி ஒரு சுற்று.

பேர் வராவிட்டால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. பாடநூல், சீருடை எல்லாம் எமிஸ் எண்ணிக்கையை வைத்துத்தான் வருகின்றன. பத்தாம் வகுப்பு என்றால் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலே அங்கிருந்துதான் தயாராகும். நடுவருஷத்தில் பத்தாவதை மாற்றுவது அதனால்தான் அபாயம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் உதவித்தொகை, பையன்களுக்காக 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் எல்லாமே ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்க்கின்றன. ஏழாவதில் விழுந்த ஓட்டை கல்லூரியில் சேரும்போது தெரியவரும். அன்றைக்குப் பழைய பள்ளியைத் தேடிக்கொண்டு யார் போவது?

ஆகவே பழைய ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் டிசி கேளுங்கள். கொடுக்கும்போது “எமிஸ்ல எடுத்த டிசிதானுங்களா, பேரு காமன் பூலுக்குப் போயிருச்சுங்களா?” என்று அங்கேயே கேட்டு, திரையைப் பார்த்துவிட்டு நகருங்கள். எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள், அங்கே பதிந்திருக்கும் செல்பேசி எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். வந்த பிறகு நின்றுவிட்டால், புதிய பள்ளி வழியாக வட்டார வள மையத்தில் எமிஸ் பார்ப்பவரிடம் சொல்லலாம். பழையது தனியார் பள்ளி என்றால் அந்த மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்றே இருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு போடுங்கள். இங்குள்ளவருக்குப் போட்டுப் பயனில்லை, பூட்டு அங்கே இருக்கிறது. 14417 உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள்.

ஒடிசா, பீகாரிலிருந்து வரும் குழந்தைகளுக்கு எமிஸைவிடப் பெரிய மலை தமிழ்ப் பாடம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழைத் தவிர்க்க முடியாது. மூன்றாவதுக்குள் வந்த குழந்தை தெருவில் விளையாடியே பிடித்துக்கொள்கிறது. எட்டாவதில் வருகிற பிள்ளைக்கு மாலையில் யாராவது உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தர வேண்டும்.

அங்கன்வாடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு, முட்டை, சிறு குழந்தைக்குச் சத்துமாவு எல்லாம் ஒழுங்காக வருகின்றன. தடுப்பூசி அட்டையை மட்டும் மூட்டைக்குள் கட்டிவிடாதீர்கள், அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் நர்ஸம்மா தொடர்ச்சி போடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி புதன்கிழமை. அங்கன்வாடியில் குறை என்றால் அதன் நேரம்தான். மையம் சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மா இரவு எட்டரைக்குத்தான் கம்பெனி கேட்டைத் தாண்டுவார். நடுவில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டு அக்காவின் தயவில் ஓடுகிறது. லைன் வீடு என்கிற வரிசை வாடகை வீடு பார்க்கும்போது தண்ணீரை விசாரிப்பதுபோல், பகலில் வீட்டில் இருக்கும் ஆள் யார் என்றும் விசாரியுங்கள்.

எதிர்பாராத சந்தோஷம் கிளை நூலகம். வார விடுமுறை வெள்ளிக்கிழமை, இரண்டாம் சனியும் கிடையாது. அதாவது ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரே ஒரு நாள் லீவு என்று ஓடும் இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும், இரண்டும் சின்னத் தொகைதான். முகவரிச் சான்று கேட்பார்கள், லைன் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித்தரத் தயங்குவார். அதற்காக அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். முதல் சில மாதம் உள்ளேயே படிக்கட்டும். கூச்சமும் வேண்டாம்: 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டும் அந்தப் பணம் நீங்கள் தரும் வாடகையிலிருந்துதான் போகிறது.

குழந்தைகள் பிரிவின் கீழ்த்தட்டில் படக்கதைகள் இருக்கும், அட்டை கிழிந்து நூலால் தைத்திருக்கும். தமிழ் எழுத்துக்கூட்டத் தொடங்கும் ஒடிசாக் குழந்தைக்கு அந்தத் தட்டுப் போதும்.

சாப்பாடு நன்று, ஆசிரியர்கள் நன்று, நூலகம் மிக நன்று. இருந்தும் பள்ளி மாற்றத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பாஸ் மார்க் தர மனம் வரவில்லை. ஒரே ஒரு பொத்தானை அழுத்தாததால் ஒரு குழந்தை பருவம் முழுக்கப் பட்டியலில் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை இத்தனை வருஷத்தில் சரிசெய்திருக்க முடியும். டிசி கொடுத்து இத்தனை நாளில் பழைய பள்ளி விடாவிட்டால் பேர் தானாகவே காமன் பூலுக்கு வந்துவிடும் என்று ஒரு கெடு வைத்தால் போதும்.

நண்பருக்குச் சொன்ன பதில் இதுதான்: பேர் காமன் பூலுக்கு வந்த பிறகு டெம்போவுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.